விருந்தாளியின் கையில் துடைப்பம்

குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, ஒரு கால் குட்டையான நாற்காலியில் எந்தப் பக்கமும் சாயாமல் அமர்ந்திருக்கும் தலைவர் பார்த்திபன் அவர்களே! நம்மை நம்பி ஒரு பெண்ணை ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகு சரியாகத் தூங்காத கல்லூரிப் பேராசிரியை ஜெசிந்தா அவர்களே! விழுப்புரத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த என் சகலை ராஜவேலு அவர்களே! கெடாரிலிருந்து வருகை தந்திருக்கும் விவசாயி பாண்டுரங்கன் அவர்களே! மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த பெரியோர்களே! எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னதைச் சாதித்த தாய்மார்களே! செயலாளர் ஜெகதீசனின் பணிவான வணக்கம்.

கடந்த பிப்ரவரி பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, திண்டிவனத்தின் இந்த நகரில், இந்தப் பந்தல் நிற்கும் இதே இடத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நாடுகள் கூடிப் பேசி எல்லை வகுத்திருக்கின்றன. படைகள் கூடிப் பேசிப் போர் நிறுத்தியிருக்கின்றன. அவர்களில் எவருக்கும் வராத துணிவு அன்று நமக்கு வந்தது. விருந்தாளியின் கையில் துடைப்பம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

அந்த விருந்தாளி யார்? ஜெர்மனியிலிருந்து நம் ஊர்க் கல்லூரிக்கு ஒரு பருவம் படிக்க வந்த லீனா. வயது இருபத்தொன்று. நம்மைப் போன்றோர் வீடுகளில் தங்கி, நாம் வாழும் வாழ்க்கையைக் கற்பதுதான் பாடம். கையில் ஒரு நீலப் புத்தகம் கொண்டுவந்தார். தங்கும் வீடுகளில் மொத்தம் அறுபது மணி நேரம் வீட்டு வேலை செய்து, அதில் குறித்து, வீட்டார் கையெழுத்து வாங்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அறுபது ஆகாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். ஓர் ஆண்டுப் படிப்பு போய்விடும்.

டிசம்பர் மாதம் எங்கள் வீடு. முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு லீனா வாசல் பெருக்க எழுந்தார். என் மனைவி அம்சா நாலேமுக்காலுக்கே பெருக்கி முடித்திருந்தார். மறுநாள் லீனா நாலரைக்கு எழுந்தார். அம்சா நாலேகாலுக்கு. ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் பொழுது விடிவது ஒன்றரை மணி நேரம் முன்னுக்கு நகர்ந்தது. பால்காரர் வழக்கம்போல் வந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். மின்சாரம் போன ஒரு மாலையில், நான் பியூஸ் தேடியபோது லீனா செல்போன் வெளிச்சம் காட்டினார். அந்த மாதத்தில் அவர் செய்த வேலை அது ஒன்றுதான். புத்தகத்தில் பன்னிரண்டு நிமிடம் ஏறியது.

பந்தலின் இடப்பக்கத்தில் என் சகலை சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். அடுத்து உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறேன்.

ஜனவரியில் விழுப்புரம். ராஜவேலுவின் மனைவி தேவகி, அம்சாவுக்குத் தங்கை. அக்காளின் அனுபவத்தைத் தொலைபேசியில் கேட்டு முன்னெச்சரிக்கை எடுத்திருந்தார். துடைப்பம் இரண்டும் பீரோவுக்குள், பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டப்பட்டன. பாத்திரம் தேய்க்கும் நார், சாமி படத்துக்குப் பின்னால். பூட்டைத் திறக்கச் சொல்ல ராஜவேலுவுக்குத் துணிவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். மாதம் முழுவதும் முயன்று, உலர்ந்த புடவைகளை மடிக்க ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும் உரிமையை மட்டும் லீனா வென்றெடுத்தார். இருபத்தாறு நிமிடம்.

பிறகு கெடார். பாண்டுரங்கன் தன் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார்; களை எடுக்கும் சமயம். கொல்லையில் வேலைக்கா பஞ்சம்? களை எடுக்க எட்டுப் பேர் வந்தார்கள். ஐந்து பேர் எடுத்தார்கள். மற்ற மூவரில் ஒருவர் லீனாவுக்கு நாற்காலி போட்டார், ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் இளநீர் வெட்டினார். குடை பிடித்தவர் திரும்பிய நேரத்தில் லீனா குனிந்து ஒரு களையைப் பிடுங்கிவிட்டார். பாண்டுரங்கனின் மனைவி புனிதா ஓடிவந்து, அந்தக் களையை வாங்கிக்கொண்டு, விரல்களைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். புத்தகத்தில் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். களை ஒன்று. இரண்டு நிமிடம்.

தாய்மார்களே, கூட்டிப் பாருங்கள். இரண்டரை மாதம். மூன்று வீடு. நாற்பது நிமிடம்.

பிப்ரவரியில் லீனா மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தை என் முன் வைத்தார். எனக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு ஆண்டு தீர்மானம் எழுதியவன் நான். நடக்காத கூட்டங்களையும் நடந்ததாக எழுதித் தேர்ந்த கை இது. பேனாவைத் திறந்து, அறுபது என்று போட்டுக் கையெழுத்து வைக்கிறேன் என்றேன்.

லீனா புத்தகத்தை மூடினார்.

"வாணாங்க அங்கிள். செய்யாத வேலைக்குக் கையெழுத்து வாணாம்," என்றார். அந்தத் தமிழ் நாம் கொடுத்தது. பிறகு சொன்னார்: "மூணு வூட்லயும் நல்லா சாப்ட்டேன். ஒரு வூட்லகூட நான் இருக்கலைங்க."

நான் பேனாவை மூடினேன். அம்சா அடுப்பை அணைத்தார். அன்று சாம்பார் பாதியில் நின்றது.

அன்பு இல்லையா நம்மிடம்? இருந்தது. ஆசை இல்லையா? அதுவும் இருந்தது. அள்ளி அள்ளிப் போட்டோம், அருகில் விடவில்லை. ஆசனம் கொடுத்தோம், அடுக்களை கொடுக்கவில்லை. இலை போட்டோம், இடம் போடவில்லை. வயிற்றை நிறைத்துவிட்டு, வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோம்.

அப்படியென்றால் அன்றைக்கே துடைப்பத்தைக் கொடுத்திருக்கலாமே என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நானும் கேட்டேன். அம்சா சொன்ன பதில் இது: "நம்ம வூட்ல மட்டும் வேல வாங்குனா, வந்த பொண்ண வேலக்காரி ஆக்கிட்டாங்கன்னு தெருவே பேசும். எல்லா வூட்லயும் செஞ்சா அது வழக்கமாயிடும். கூட்டத்த போடுங்க."

போட்டேன். தீர்மானத்தை அம்சாவே முன்மொழிந்தார். ஒரு பெண்ணின் படிப்பு நம் கையில் இருக்கிறது என்று தொடங்கினார். ஆண்கள் எல்லோரும் உடனே கை தூக்கினோம். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, மீதியைப் படித்தார். குடும்பம் சாப்பிடும்போது விருந்தாளியும் உட்கார்ந்தால் அதைக் குறையாக யாரும் பேசுவதில்லை. அதுபோல, வீட்டு ஆண்கள் வேலை செய்யும்போது விருந்தாளியும் சேர்ந்துகொண்டால் அது வேலை வாங்குவது ஆகாது. ஆகவே இந்நகரின் ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலை செய்வது. லீனா எந்த வீட்டில் வேண்டுமானாலும் அதில் கலந்துகொள்வது. கைகளை இறக்கும் முன் தாய்மார்கள் எண்ணி முடித்துவிட்டார்கள். எதிர்ப்பு எவருமில்லை என்று என் கையாலேயே எழுதினேன்.

மறுநாள் காலை, கொல்லைப்புறக் குழாயடியில் ஒரு பக்கம் லீனா, ஒரு பக்கம் நான். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒரு குக்கரின் உட்புறத்தைப் பார்த்தேன். அடுத்த வீட்டு வல்லரசு முந்தைய நாள் கூட்டத்துக்கு வராதவர். மதில்மேல் தலையை நீட்டினார்.

"இன்னா சார், வூட்ல அவங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க. மாடியில நின்னு பாத்துக்கினு இருக்காங்க."

வல்லரசு மாடியைப் பார்த்தார். அங்கே அம்சாவுக்குப் பக்கத்தில் தன் மனைவி கலைமதி நிற்பதையும் பார்த்தார். தலை மதிலுக்குக் கீழே போனது. கால் மணி நேரத்தில் அந்தப் பக்கமும் பாத்திரச் சத்தம் கேட்டது.

அன்று முதல் இந்த நகரில் லீனா பெருக்காத வாசல் உண்டா? துவைக்காத கல் உண்டா? தலைவர் பார்த்திபன் அவர்கள் வீட்டில் அவரும் லீனாவும் சேர்ந்து முருங்கைக்கீரை உருவியதை நான் கண்ணால் கண்டேன். வேலை நடுவே தாய்மார்கள் லீனாவைத் திட்டவும் தொடங்கினார்கள். "இன்னா பொண்ணு, அடியில கரி அப்படியே இருக்குது, மறுபடி தேய்" என்று கலைமதி சொன்ன நாளில், லீனா புத்தகத்தில் அதையும் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டார். வந்து மூன்று மாதத்தில் அவரை யாரும் திட்டியது அதுதான் முதல் தடவை.

மார்ச் இருபத்தேழாம் நாள் மாலை, எங்கள் வாசலில் அறுபதாவது மணி நேரம் முடிந்தது. தெருவே நின்று பார்த்தது. நான் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட கையெழுத்துகளில், எழுதியது முழுவதும் உண்மையாக இருந்த ஒரு சிலவற்றில் அது ஒன்று.

ஏப்ரல் இரண்டாம் தேதி லீனா ஊர் போய்ச் சேர்ந்தார். தேர்ச்சி பெற்றார் என்று பேராசிரியை சொன்னார்கள். மூன்றாம் தேதி காலை நான் செய்தித்தாளுடன் உட்கார்ந்தேன். அம்சா வந்து, "தீர்மானப் புத்தகத்த எடுத்துப் படிங்க" என்றார். படித்தேன். எந்த நாள் வரை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

வெயிலையும் பாராது வந்து, இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.

ஓர் அறிவிப்பு. காபி குடித்த டம்ளர்களை அங்கங்கே வைக்க வேண்டாம். பந்தலுக்குப் பின்னால் குழாயடியில் வல்லரசுவும் நானும் இருப்போம்.