கிளேரில் கட்டிய தொட்டில்

நான்காம் வகுப்போடு நின்றவன் நான்; ஆனாலும் இந்த வெளிநாட்டு நகரத்தின் வில்லரே பகுதியில் இரண்டு கடைகளைத் தனி ஆளாக நிமிர்த்தியவன். அடுத்தவர் கதைக்குக் காது கொடுப்பதில்லை. நேற்று மெத்ரோ ரயிலில் எதிரே இருந்த யாழ்ப்பாணத்து மனிதர் மனைவியிடம் சொன்னதைக் கேட்டுத்தான் பேப்பரை மடித்தேன்.

"மகளிட்டை அயர்லாந்துக்குப் போய், மரத்தைப் பாத்திட்டு வந்த ஆள் நீர் ஒராள்தான்."

"கிளேர் கடல்பாறையளை நீங்கள் பாத்தனீங்கள்தானே, காணும். அந்தக் கிணத்தடி மரத்திலை வெள்ளைக்காரரும் நேந்து துணி கட்டியிருந்தவை. நானும் சால்வையைக் கிழிச்சுத் தொட்டில் கட்டினன்."

"ஒன்பது வருசமாப் பிள்ளையில்லாததை ஊருக்குக் காட்டிறியளோ எண்டு அவள் அழுதவளெல்லே?"

"அழுதவள்தான். கார் வெளிக்கிடேக்கை, தொப்பியை விட்டிட்டன் எண்டு திரும்பி ஓடினவள், ஞாபகமோ?"

"ஓம்."

"தொப்பி தலையிலைதான் இருந்தது. தொட்டிலுக்குள்ளை சின்னக் கல்லொண்டு வைச்சிட்டு வந்தவள்."