வாசல்லயே உடைஞ்ச பம்பர்

முகாமுக்கு வந்த டாக்டரம்மா இவ்வளவு நேரம் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. நீங்களும் நல்லாத் தலையாட்டுனீங்க. ஆனா டெஸ்ட் எடுக்க அந்தப் பச்சைத் துணி கட்டுன அறை இருக்கு பாருங்க... அந்தப் பக்கம் ஒருத்தர் கண்ணும் போகல! சரி, டெஸ்டை விடுங்க. ஒரு ஜீப்போட கதை சொல்றேன், கேளுங்க. சின்னதுதான்.

போடி மலையில ஒச்சப்பன்னு ஒரு டிரைவர். தினமும் காலையில பதினோரு பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு ஏலக்காத் தோட்டத்துக்குப் போவாரு. அது ரோடா? இல்லைங்க. பாறையும் சேறும்! ஒருநாள் பாறையில முட்டி, ஜீப்போட முன் பம்பர் அப்பளமா நொறுங்கிப் போச்சு.

மனுஷன் என்ன பண்ணாரு? "கடைத் தகரம் எதுக்கு? நானே இரும்புல செய்றேன்"னு இறங்கிட்டாரு. பழைய இரும்புக் கடையில கனமான சேனல் இரும்பு வாங்கினாரு. வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்தாரு. வீட்டு வாசல்லயே வேலை. ஜீப் மாட்டிக்கிட்டா கயிறு கட்டி இழுக்கணுமே... அதுக்கு முன்னாடி ரெண்டு கொக்கி. வண்டியோட அடிச்சட்டம் இருக்கே, சேஸிஸ், அதோட பிடிச்சு நிக்க, பின்னாடி ரெண்டு பிராக்கெட். கிரைண்டர் போட்டு வழவழன்னு தேய்ச்சு, கறுப்புப் பெயின்ட் அடிச்சாரு. அடேயப்பா... தெருவே வந்து பார்த்துச்சு!

பக்கத்து வீட்டுல கேட் மாட்ட ஜெபஸ்டின்னு ஒரு வெல்டர் வந்திருந்தாரு. குனிஞ்சு அந்த பிராக்கெட்டை உத்துப் பார்த்தாரு.

"அண்ணே... வீட்டுக் கரன்ட் லைன்லயா மிஷினை ஓட்டுனீங்க? கரன்ட் பத்தல போல. வெல்டிங் உள்ள இறங்கல, மேலாக்க ஒட்டிக்கிட்டு இருக்கு. மாட்டுறதுக்கு முன்னாடி சுத்தியலால நாலு அடி அடிச்சுப் பாருங்க."

வந்துச்சு பாருங்க கோவம்! "உன் வேலையைப் பாருய்யா! என் வண்டிக்கு எது தாங்கும்னு எனக்குத் தெரியாதா?"

ஜெபஸ்டின் கேட்டை மாட்டி முடிச்சாரு. போயிட்டாரு.

ஆனா அந்தச் சொல்லு போகுமா? போகல! ஒருநாள் ஆச்சு... ரெண்டு நாள் ஆச்சு... ஒச்சப்பன் பம்பரை மாட்டவும் இல்ல, அடிச்சுப் பார்க்கவும் இல்ல. சுத்தியலை எடுப்பாரு, வைப்பாரு. மூணாம் நாள் அவரு வீட்டுக்காரம்மா பவுனுத்தாயி கேட்டுச்சு.

"ஏங்க, அடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சா... உடைஞ்சிருச்சுன்னா?"

அந்தம்மா சொன்னதைக் கேளுங்க. "உடையாதுன்னு நம்புனா தைரியமா அடிங்க. உடைஞ்சிரும்னு பயமா இருந்தா கண்டிப்பா அடிங்க!"

எடுத்தாரு பெரிய சம்மட்டியை. ஒரு அடி... டங்! ஒண்ணும் ஆகல. ரெண்டாவது அடி... டங்! ஒண்ணும் ஆகல. மூணாவது... டக்!

இடது பக்க பிராக்கெட் தனியாக் கழண்டு தரையில கிடக்கு.

அப்படியே உக்காந்துட்டாரு. எட்டு நாள் உழைப்புங்க! கண்ணு கலங்குது. அப்புறம் அந்தத் துண்டைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்க்குறாரு... பார்த்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு. பவுனுத்தாயி பயந்து போச்சு. "என்னங்க ஆச்சு?" "ஆத்தாடி... வாசல்ல உடைஞ்சிச்சு பவுனு! மலையில உடையல... வாசல்ல உடைஞ்சிச்சு!"

அன்னைக்கே ஜெபஸ்டின் பட்டறைக்குப் போனாரு. "தம்பி, வாய் தவறிப் பேசிட்டேன்." அவரு சிரிச்சுக்கிட்டே, "வைங்கண்ணே, பார்ப்போம்"னாரு. பழைய வெல்டிங்கை எல்லாம் வெட்டி எடுத்து, ஓரத்தைச் சரிவாத் தேய்ச்சு, நல்ல கரன்ட்டுல ஆழமாப் பத்த வச்சு, கூட ரெண்டு பட்டையும் சேர்த்துக் குடுத்தாரு. மறுபடியும் அடிச்சாங்க. இருபது அடி... அசையல!

ஒரு மாசம் கழிச்சு, ஐப்பசி மழை. ஜீப் மேல ஏறிக்கிட்டு இருக்கு. உள்ள பதினோரு பேரு. செங்குத்தான ஏத்தத்துல மண்ணு சரிஞ்சு, ஒரு பின் சக்கரம் பள்ளத்துப் பக்கம் இறங்கிருச்சு. வண்டி சாஞ்சு நிக்குது. இறங்கலாமா? ஒருத்தர் அசைஞ்சாலும் வண்டி இன்னும் சரியுது! ஒச்சப்பன் பிரேக்கை மிதிச்சபடி கத்துறாரு: "யாரும் அசையாதீங்க தாயி... மூச்சை மட்டும் விடுங்க!"

மேல இருந்து தோட்டத்து டிராக்டர் வந்துச்சு. அந்த டிரைவர் இரும்புக் கயித்தை பம்பர் கொக்கியில மாட்டிட்டு இழுக்குறாரு. கயிறு விறைக்குது... வண்டி முனகுது... பதினோரு உசுரு, ஒச்சப்பனோட பன்னெண்டு உசுரு... எதுல தொங்குது? அந்த பிராக்கெட்டுல!

பிடிச்சுதுங்க. பிடிச்சுது! நாலு சக்கரமும் மேல வந்துருச்சு.

இறங்கின உடனே ஒரு அம்மா ஒச்சப்பனைப் பிடிச்சு உலுக்கி, "ஏப்பா, என் சோத்து வாளி கவுந்து போச்சே!"ன்னுச்சு. அழுதுக்கிட்டு இருந்த அத்தனை பேரும் சிரிச்சிட்டாங்க. ஒச்சப்பன் மட்டும் சேத்துல மண்டி போட்டு, வண்டிக்கு அடியில குனிஞ்சு பிராக்கெட்டைத் தடவிப் பார்த்தாரு. ஒரு மயிரிழை விரிசல் இல்ல. அப்பதான் அந்த மனுஷனுக்கு அழுகையே வந்துச்சு.

இப்பச் சொல்லுங்க... அந்த மூணாவது அடி பம்பரைக் கெடுத்துச்சா, காப்பாத்துச்சா?

குறை ஏற்கெனவே உள்ள இருந்துச்சு. அடி அதைக் காட்டிக் குடுத்துச்சு. அவ்வளவுதான்! டெஸ்டும் அப்படித்தாங்க. டெஸ்ட் எடுக்கிறதால நோய் வந்துராது, இருந்தா தெரியும். சீக்கிரமாத் தெரிஞ்சா, அதைச் சரி பண்ண உலகத்துல ஆளு இருக்கு. "பார்க்காம இருந்தா இல்லாமப் போயிரும்"னு நினைக்கிறோமே... எந்த நோய் அப்படிப் போயிருக்கு?

நானும் யோக்கியன் இல்லைங்க. ரெண்டு வருஷம் சாக்குச் சொன்னேன். போன மாசம்தான் ரத்தம் குடுத்தேன். சர்க்கரை இருக்குன்னுட்டாங்க. பயமா இருந்துச்சான்னா... இருந்துச்சு. ஆனா மாத்திரையை வாங்கிக்கிட்டு வெளிய வந்தப்ப, நெஞ்சு மேல இருந்த கல்லை யாரோ இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு பாருங்க... அதை அனுபவிச்சாத்தான் தெரியும்!

முன் வரிசை அம்மா... ஆமா, உங்களைத்தான். நீங்க எந்திரிங்க தாயி. நீங்க ஒருத்தர் எந்திரிச்சாப் போதும்... பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க.