கட்டை வைத்தவன்

பழைய ஜீப் வைத்திருப்பவன் வாழ்நாளில் பாதியை அதற்குச் சாமான் தேடிக் கழிக்கிறான். மீதிப் பாதியை, வாங்கிய சாமான் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுக்க அலைந்து கழிக்கிறான்.

சார்ஜன்ட் அவர்களே, நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான். ஏன் செய்தாய் என்று. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதும்போது சுருக்கிவிடுவீர்கள். அதனால் நானே தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்ப்பவர் ஒரு வரியையும் விடாமல் பெயர்க்கட்டும்.

என் பெயர் கஜேந்திரன். வயது முப்பத்தொன்று. கல்வியியல் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். மனைவி துஷ்யந்தி இறந்துவிட்டாள்.

என் ஜீப் எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜப்பானில் செய்தது. எஞ்சினில் குறை சொல்ல முடியாது. பழுது டிரான்ஸ்பரில். கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பெட்டிக்கு அந்தப் பெயர். எஞ்சினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதன் பல் தேய்ந்துவிட்டால் முன் சக்கரங்கள் சும்மா உருளும். ஜீப் என்று பெயர்தான் இருக்கும்.

எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் அது போதாது. லயத்து வீடுகளிலிருந்து தார் ரோட்டுக்கு வர, ஓடையைத் தாண்டி கித்துள் ஏற்றத்தில் ஏற வேண்டும். முந்நூறு யார் தூரம். மழை பெய்தால் முழுக்கக் களிமண். மேலே வந்துவிட்டால் கலவான ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்.

போன ஒக்டோபரில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, பிரசவ வலி எடுத்த துஷ்யந்தியை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் மாட்டிக்கொண்டேன். டிரான்ஸ்பர் வழுக்கியது. எங்கள் டிவிசன் ராமச்சந்திரன் பின்னால் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டே வந்தார். இரண்டடி ஏறும், ஒன்றரை அடி சறுக்கும். நாற்பது நிமிடம். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அவசரம் தீர்ந்திருந்தது. பிள்ளையும் இல்லை.

இதை உங்கள் இரக்கத்துக்காக எழுதவில்லை. எனக்கு டிரான்ஸ்பர் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்க வேண்டும்.

கட்டையைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் பக்கத்து ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் பிடித்தால் அதிசயம். அதனால் எல்லா வண்டியிலும் ரப்பர் மரத்தில் வெட்டிய ஆப்புக்கட்டை ஒன்று இருக்கும். ஏற்றத்தில் வண்டி நின்றால் ஒருவர் குதித்து இறங்கி அதைச் சக்கரத்தடியில் வைப்பார். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் வைத்தாரோ அவர்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

துஷ்யந்தியின் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் டிரான்ஸ்பர் தேடத் தொடங்கினேன். அடுத்த லயத்து ஷாமிளாவுக்குப் பிரசவத்துக்கு வைகாசியில் நாள் குறித்திருந்தார்கள். வைகாசியில் இங்கே மழை விடாது. அதற்கு முன் ஜீப் சரியாக வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

முதலில் இரத்தினபுரியில் காமில் நானாவின் கடைக்குப் போனேன். பழைய சாமான்களை மலை போலக் குவித்து வைத்து அதன் நடுவில் உட்கார்ந்திருப்பார்.

"மாஸ்டர், டொலர் ஏறின நாள்லருந்து ஜப்பான் சாமான் கண்ணுல படல்ல. இந்த வண்டிக்கு டிரான்ஸ்பர் தேடுறதுக்கு ஒரு பொண்ணத் தேடினா சுறுக்கா கெடைக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் செத்துப்போய்விட்டது. தேநீர் வரவழைத்தார். குடித்தேன்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு நான்கு முறை போனேன். ஒரு கடையில் இருந்தது. விலையைக் கேட்டேன். என் ஆறு மாதச் சம்பளம். பேஸ்புக்கில் ஒருவர் எம்பிலிப்பிட்டியவில் இருப்பதாகப் படம் போட்டிருந்தார். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தால் அது வேறு வண்டியின் பெட்டி. கடைசியில் நிவித்திகலவில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகப் பல் வெட்டுவித்தேன். இரும்பு நல்லதில்லை. பதினொரு நாள் ஓடியது.

அதே வருடத்து, அதே மாதிரி ஜீப் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. ராமச்சந்திரனுடையது.

அவர் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டம் ஏலம் விட்ட ஜீப்பை வாங்கி, அரிசி மூட்டையும் கோயில் சாமானும் ஏற்றி வாடகைக்கு ஹயர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது. வாய் சும்மா இருக்காது. அவரிடம் மூன்று தடவை கேட்டேன். விலைக்கும் கேட்டேன், என் எஞ்சினை எடுத்துக்கொண்டு மாற்றித் தரும்படியும் கேட்டேன்.

"கிட்னியக் கேளுங்க மாஸ்டர், ரெண்டு இருக்கு. டிரான்ஸ்பர் ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

"அவசரத்துக்கு வண்டி வேணும்ணே. ஷாமிளாவுக்கு நாள் கிட்ட வருது."

"அதுக்கு ஒங்க வண்டி எதுக்கு? என் வண்டி நிக்குதில்ல? எத்தன மணிக்குக் கூப்பிட்டாலும் வாரேன். காசும் கேக்க மாட்டேன். நீங்க அந்தத் தகரத்தக் காமில் நானாவுக்கு எடைக்குப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவர் ஹயர் போயிருக்கும் நாளில் வலி எடுத்தால் என்ன செய்வது? ஒரு வண்டியை நம்பி ஒரு டிவிசன் இருக்க முடியாது. இது நியாயமான யோசனை என்று இன்றும் நினைக்கிறேன்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். வெயில். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்துச் சரிவில் அவர் ஜீப்பை நிறுத்தி வேலை செய்துகொண்டிருந்தார். பின் சாஃப்டின் மூட்டில் இருக்கிற குரோஸ் சத்தம் போடுகிறது, மாற்ற வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் என் ஜீப்பில் போனேன். காய்ந்த பாதையில் அது ஓடும்.

"வாங்க மாஸ்டர். லீவு நாள்லயும் கிளாஸ் எடுக்க வந்துட்டீங்களா?"

"சும்மாதான்ணே."

"சும்மா வந்தவரு அந்தக் கட்டையக் கொஞ்சம் வைங்க. நல்லா ஒக்கார வைங்க. வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"சரி. நீங்க வச்சா நீங்கதான் எடுக்கணும். பாதியில எங்கயும் ஓடிராதீங்க" என்று சிரித்துவிட்டு, மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில் போனார்.

எஞ்சினையும் பின் சக்கரங்களையும் இணைப்பது பின் சாஃப்ட். அதைக் கழற்றிவிட்டால் கியர் போட்டிருந்தும் பயனில்லை. ஹேண்ட்பிரேக்கும் அந்த சாஃப்டைத்தான் பிடிக்கும். அதற்குப் பிறகு வண்டியைப் பிடித்திருப்பது கட்டை ஒன்றுதான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் அவர் என்னிடம் கட்டையைக் கொடுத்தார்.

அவர் கேட்ட ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சாஃப்ட் இறங்கியது. உருட்டி வெளியே தள்ளினார். நான் அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அடியில் படுத்தபடி அவர் ஏதோ பேசினார். நான் வீல் ஸ்பேனரை எடுத்து, கட்டையின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். டிரைவர்கள் எப்போதும் தட்டுவது போலத்தான். கட்டை விலகியது.

ஜீப் பின்னால் போய் ரப்பர் மரம் ஒன்றில் மோதி நின்றது. பின்புறம்தான் நசுங்கியது. டிரான்ஸ்பர் வண்டியின் நடுவில் இருக்கும். அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் அதைத்தான் குனிந்து பார்த்தேன். ராமச்சந்திரனைப் பிறகு பார்த்தேன்.

கட்டையை எடுத்து என் ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் போட்டேன். அதன் பிறகு கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன். வேறொருவர் என் ஜீப்பை ஓட்ட, நான்தான் அவரை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மரண விசாரணையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கட்டை வைத்தாயா என்று. வைத்தேன் என்றேன். அது உண்மை. கட்டை வழுக்கி ஓடையில் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் சொல்லவில்லை. விபத்து என்று எழுதினார்கள்.

அவருடைய மனைவி இலட்சுமி அக்காவுக்கு எழுத்து வேலைகளையெல்லாம் நான்தான் செய்து கொடுத்தேன். மரணப் பதிவு, சேமலாப நிதிப் படிவம், எல்லாம். எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள் நசுங்கிய ஜீப்பை எனக்கு விற்கச் சொல்லிக் கேட்டேன். அவர் விலை பேசவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார். "அவரு வண்டி ஒங்க வண்டிக்குள்ள ஓடட்டும் மாஸ்டர். வேற யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வராது" என்றார். ரசீது என்னிடம் இருக்கிறது. களவாக எடுத்த சாமான் ஒன்றுகூட என் வண்டியில் இல்லை, கட்டையைத் தவிர.

அந்த விலைக்கு அந்த டிரான்ஸ்பர் இந்த மாகாணத்தில் கிடைக்காது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கழற்றி என் ஜீப்பில் பூட்டினேன்.

வைகாசி பதினான்காம் தேதி ஷாமிளாவுக்கு வலி எடுத்தது. காலை எட்டு மணி. மூன்று நாளாக மழை. அவள் புருஷன் அஜந்தன் ஓடி வந்து என் கதவைத் தட்டினான். வேறு யாரிடம் போவான்? ஏற்றினேன். ஓடையைத் தாண்டினோம். கித்துள் ஏற்றத்தின் பாதியில் ஒரு பசுமாடு குறுக்கே வந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. டிரான்ஸ்பர் வழுக்கவில்லை. அஜந்தன் பழக்கத்தில் சீட்டுக்கடியில் கைவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தான். குதித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அடியில் டயர்ப் பட்டி வைத்து ஆணி அடித்த கட்டை அது. பக்கத்தில் சூடு போட்டு 'ரா' என்று எழுதியிருக்கும்.

"மாஸ்டர்... இது ராமச்சந்திரண்ணன் கட்டையாச்சே" என்றான்.

"ஏறு. நேரமாகுது" என்றேன். ஏறினான். ஆஸ்பத்திரி வரை அவன் மடியில் கட்டை இருந்தது. ஷாமிளாவை உள்ளே கொண்டு போனதும், பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூட நிற்காமல் அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தான்.

அதை ஏன் எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கட்டை. அப்படி ஒன்று செய்ய அரை நாள் ஆகும். வீணாக்க மனம் வரவில்லை.

ஷாமிளாவின் பிள்ளைக்கு இன்று ஒன்பது நாள். பெண் பிள்ளை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் தலைகுனிந்து நிற்பேன் என்று அஜந்தன் எதிர்பார்த்தான். நீங்களும்தான். எதற்கு? அவன் மனைவியும் பிள்ளையும் உயிரோடு இருப்பது எந்த வண்டியால் என்று அவனிடமே கேளுங்கள். ராமச்சந்திரனின் ஜீப் இருந்திருந்தாலும் போயிருக்கலாமே என்று நேற்று சொன்னீர்கள். இருந்திருந்தால் என்பதை வைத்து நான் கணக்குப் போடுவதில்லை.

இன்னொன்றையும் இரண்டு தடவை கேட்டீர்கள். வண்டிக்கடியில் கிடந்தபடி அவர் என்ன பேசினார் என்று. சாமானைப் பற்றியது இல்லை, அதனால் எழுதத் தேவையில்லை என்றேன். மூன்றாவது தடவையும் கேட்பீர்கள். எழுதிவிடுகிறேன்.

"மாஸ்டர், இதப் பத்தி நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. ஒங்க துஷ்யந்திப் புள்ளய ஏத்திக்கிட்டு வந்த அன்னைக்கு ஏற்றத்துக்கு மேல என் வண்டி நின்னுச்சு. கம்பளியில போட்டு நாலு பேரு தூக்கியிருந்தா அஞ்சு நிமிசம். மூணு தடவ சொன்னேன். நீங்க ஏறும் ஏறும்னுட்டீங்க. சரி, விடுங்க. அது ஒங்க தப்புன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. அந்தப் பதினேழாம் நம்பரக் குடுங்க."

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என் காலடியில்தான் இருந்தது. நான் எடுத்தது வீல் ஸ்பேனரை.

அவர் நல்ல மனதோடு சொன்னார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. துஷ்யந்தியும் அன்று ஒரு தடவை சொன்னாள், "அவரு சொல்றதக் கேளுங்களேன்" என்று. அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? ஆகவே காரணம் என்ற இடத்தில் டிரான்ஸ்பர் என்றே எழுதுங்கள். வேறு எதையும் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

என் ஜீப் ஏறும் என்று அன்றைக்குச் சொன்னேன். இப்போது ஏறுகிறது. சாவி உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள்.