துண்டு போட்ட நாற்காலி

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஏட்டையா தனித்தாளில் குறித்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் என்னைத் தெரியாது. சேர்க்கடைக்காரர் என்றால் நாய்கூட வழிகாட்டும். வயது ஐம்பத்து மூன்று. விசேஷங்களுக்கும் கூட்டங்களுக்கும் நாற்காலி, மைக் செட் வாடகைக்குக் கொடுப்பது தொழில். முன்னால் கடை, பின்னால் வீடு, மாடியில் ஒரு ஹால். மூன்றுக்கும் முகவரி ஒன்றுதான். மேற்படி ஹாலில் மூச்சுப் பயிற்சி நடத்திவந்த வெளிநாட்டு அம்மாள்மீது என் அண்ணியின் தம்பி கொடுத்த புகார் சம்பந்தமாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது. சுருக்கமாகச் சொல்லும்படி ஏட்டையா கேட்டுக்கொண்டார். என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து கேட்டும் நடக்காத காரியம் அது, இருந்தாலும் முயல்கிறேன்.

நானும் என் அண்ணனும் சேர்ந்து கடையை நடத்திவந்தோம். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. உள்ளே போகும் மூச்சு சத்தமில்லாமல் போகும். வெளியே வரும்போது இரண்டாக உடைந்து, கடைசியில் மெல்லிசாக ஒரு விசிலோடு முடியும். மற்ற செட்டுக்காரர்கள் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், ஊதிப் பார்ப்பார்கள். என் அண்ணன் மைக்குக்கு முன்னால் சும்மா நின்றால் போதும், செட் வேலை செய்கிறதா இல்லையா என்று பின்வரிசை வரைக்கும் தெரிந்துவிடும். தோளில் எப்போதும் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று கிடக்கும். போன மழைக்காலத்தில் இழுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதன் பிறகும் அண்ணி எங்களோடுதான் இருந்துவருகிறார். அண்ணிக்கு இழுப்பு கிடையாது. ஆனால் அண்ணன் போனதிலிருந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளி விழுங்க ஆரம்பித்தார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு மேற்படி அம்மாள் ஹாலை வாடகைக்குக் கேட்டு வந்தார். நம் பாஷையைப் புத்தகம் வைத்துப் படித்தவர் என்பதால் அறிவிப்புப் பலகை வாய் திறந்த மாதிரி பேசுவார். நாம் எல்லாரும் தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறோம், பாதி வியாதி அதனால் வருகிறது, வாயை மூடி மூக்கால் கொஞ்சமாக மூச்சு விட வேண்டும், விட்ட பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருக்க வேண்டும், வீட்டில் தூங்கும்போது உதட்டில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும், இதுதான் அவருடைய வைத்தியம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது.

முதல் வகுப்பில் அவர் மைக்கைப் பிடித்து, “நண்பர்களே, முதலில் அனைவரும் வாயை மூடுங்கள்” என்றார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இந்தப் பேச்சைக் கேட்க மாடி ஏறி வர வேண்டியதில்லை, வீட்டிலேயே கிடைக்கிறது என்று சலூன்காரர் படி இறங்கும்போது சொன்னது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. மீதிப் பேர் மருந்து எப்போது கொடுப்பார்கள் என்று காத்திருந்து, அப்படி ஒன்று கிடையாது என்று தெரிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். அதன் பிறகு அந்த அம்மாள் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். அப்போதும் வாயை மூடிக்கொண்டு மூக்கால்தான் அழுதார் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

அதன் பிறகு நான் அவரிடம், மேடம், பத்தியம் சொல்லாத வைத்தியத்தை எங்கள் ஆட்கள் வைத்தியமாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எதையாவது விலக்கச் சொல்லுங்கள் என்று யோசனை சொன்னேன். எதை விலக்குவது என்று கேட்டார். வகுப்பு உள்ள அன்றைக்கு அடுத்த வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லச் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் அதை அட்டையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார். இவ்வளவு கடுமையான பத்தியம் என்றால் மருந்து எவ்வளவு வீரியமாக இருக்கும் என்று பேச்சுக் கிளம்பி, ஒரே வாரத்தில் ஹால் நிரம்பியது. மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்திரி தீர்ந்துபோனது. மனைவிக்காக ஒரு டப்பா வாங்கிப்போன தையல்காரர் மறுநாள் உதட்டோரம் தோல் உரிந்து வந்தார். நானும் ஒட்டிப் பார்த்தேன். “உங்க வாய்க்கு இதெல்லாம் பத்தாது. கோணி ஊசிதான் சரி,” என்றாள் என் மனைவி.

ஏட்டையா அண்ணி விஷயத்துக்கு வரச் சொன்னார். வருகிறேன்.

அண்ணியை வகுப்புக்கு அழைத்துப்போனது நான்தான். அவர் இரண்டாவது வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தார். தனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் அண்ணனின் துண்டை விரித்துப் போட்டார். பஸ்ஸிலும் சினிமாவிலும் நாம் துண்டு போட்டு இடம் பிடிப்பது வழக்கம் என்பதால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. கேட்டவர்களிடம் “ஆள் வருது” என்று மட்டும் சொன்னார். வகுப்பு முடியும்வரை யாரும் வரவில்லை. மறு வகுப்பிலும் துண்டு போட்டார். அந்த அம்மாளுக்கு இது புதிது. துணி எதற்கு என்று என்னிடம் கேட்டார். துண்டு கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறதாக அர்த்தம், எங்கள் ஆட்கள் அடித்துப் போட்டாலும் அதில் உட்கார மாட்டார்கள் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அவர் எதையும் சொன்னது சொன்னபடி நம்புகிறவர் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு நடந்த ஒரு வகுப்பில், எல்லாரும் மூச்சை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. யாரோ திருட்டு மூச்சு விடுகிறார்கள் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் வரிசை வரிசையாக முறைத்தார். எல்லார் மூக்கிலும் விரல் இருந்தது. எனக்கு மைக் கோளாறு என்று பட்டது. வயரை மாற்றினேன், அடுத்த தடவையும் கேட்டது. அதன் பிறகு செட்டையே அணைத்துவிட்டு நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹால் முழுவதும் மூச்சை நிறுத்தியது. அப்போதும் கேட்டது. இரண்டாக உடைந்து, மெல்லிசாக ஒரு விசிலோடு முடிந்தது. சுவரோரத்திலிருந்து வந்தது. நான் மூக்கைப் பிடித்திருந்த விரலை எடுக்க மறந்து, பிறகு அடைத்த குழாய் மாதிரி பெரிய சத்தத்தோடு மூச்சு வாங்கியதில், எல்லாரும் என்னைத்தான் திருடன் என்று பார்த்தார்கள். அந்தப் பட்டத்தை நான் மறுக்கவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அந்த அம்மாள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. துண்டு கிடந்த நாற்காலியைப் பார்த்து, “சுவரோரம் இருக்கும் ஐயா, அவசரம் வேண்டாம். உங்களால் முடிந்தபோது நிறுத்துங்கள்” என்று சொன்னார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

வகுப்பு முடிந்து நாற்காலி அடுக்கும்போது அண்ணி துண்டை மடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்கும் கேட்டுச்சா தம்பி என்று கேட்டார். நான் செட்டில் ஏதோ கோளாறு, வேறு மைக் போட்டால் சரியாகிவிடும் என்றேன்.

“கோளாறாவே இருக்கட்டும் தம்பி. சரி பண்ணிடாதீங்க.”

அதன் பிறகு அண்ணி காற்றை அள்ளி விழுங்குவது நின்றுபோனது. நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். என் மனைவி அந்த அம்மாளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் எல்லாரும் மூச்சை நிறுத்துகிற நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்கும். ஒருவர் மூச்சு விட்டாலும் அதில் அது கரைந்துவிடும். அதனால் மற்றவர்கள் சீக்கிரம் விட்டுவிட்டால் அண்ணிக்குக் கோபம் வரும். தான் மட்டும் கடைசி வரைக்கும் மூக்கை விட மாட்டார். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து, மூச்சு வேண்டும் என்று தோன்றிய உடனே விட்டுவிட வேண்டும், இது போட்டி இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். இதை நானும் ஹாலில் இருந்த எல்லாரும் கேட்டிருக்கிறோம். அவர் கட்டாயப்படுத்தினார் என்று புகாரில் இருப்பது தவறு. பிளாஸ்திரி ஒட்டி மூச்சை அடைத்தார் என்பதும் தவறு. வகுப்பில் யாருக்கும் பிளாஸ்திரி ஒட்டுவதில்லை.

சம்பவத்தன்று மாலை ஹாலில் நாற்காலி போதவில்லை. வக்கீல் குமாஸ்தா ஒருவர், கனத்த உடம்புக்காரர், தாமதமாக வந்தார். அண்ணி கண்ணை மூடியிருந்தார். குமாஸ்தா துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று அதைக் கண்ணால் பார்த்தேன். துண்டு கிடந்த இடத்தில் இன்னொருவர் உட்காருவது வம்பான காரியம் என்று தோன்றி அவரிடம் போவதற்குள் அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் மூச்சை விட்டார்கள், மூக்கைப் பிடித்தார்கள். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதியை என் ஹாலில் நான் கேட்டதே கிடையாது. அந்த மூச்சு வரவில்லை.

ஒவ்வொருவராக மூக்கை விட்டார்கள். அதன் பிறகு எல்லாரும் விட்டாகிவிட்டது. அண்ணி மட்டும் விடவில்லை. கண்ணை மூடியபடி, சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்துக் காத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தார். கை மூக்கிலிருந்து வந்துவிட்டது, மூச்சு வரவில்லை. அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். அதே நேரம் குமாஸ்தா எழுந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். என்ன என்று வாத்தியார் அதட்டினார்.

“யாரோட மடியிலயோ உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சுங்க,” என்றார்.

அதன் பிறகு அந்த அம்மாள் அண்ணியின் வாயில் வாய் வைத்து ஊதியும், நெஞ்சை அழுத்தியும், ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை விடவே இல்லை. மூச்சு வந்தும் போயும் இருந்த நிலையில் அண்ணியை மிஷினில் போட்டார்கள். தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அண்ணியின் தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, என் அக்கா வாயை ஒட்டிக் கொன்னுட்டா என்று கத்தினார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு இருப்பது ஒரே அக்கா.

அந்த அம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தபோது நானும் பின்னால் வந்தேன். தன்னை விட்டுவிடும்படி அவர் கேட்கவில்லை. என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“அந்த ஐயாவுக்கு வேறு நாற்காலி கொடுத்தீர்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டேஷனில் சிரித்தது தவறு, ஏட்டையா மன்னிக்க வேண்டும். வாசலுக்குப் போவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நேராக ஹாலுக்குப் போய் ஜன்னல் கம்பியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டேன். கடையிலிருந்து ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொழில்காரன் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு விடுகிறானோ என்று வாட்ச்மேன் கேட்டார். அண்ணியின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, துண்டை விரித்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் செய்தேன். அதன் பிறகு வெளியே வந்து உட்கார்ந்தேன். பொழுது விடிந்ததும் டாக்டர் வந்து, மூச்சு தானாக வருகிறது, மிஷினைக் குறைத்துவிட்டோம் என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். அண்ணி கண் திறக்கவில்லை. ஆனால் ஒழுங்காக மூச்சு விட்டார். அவர் மூச்சை விட்டு முடித்த பிறகு ஒரு சின்ன இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் என்ன கேட்டது என்பதை எழுத வேண்டாம் என்று ஏட்டையா சொல்கிறார். எழுதவில்லை.

நேற்று, துவைத்துத் தருகிறேன் என்று நர்சம்மா அந்தத் துண்டை எடுத்திருக்கிறார். கதவுவரை போனவர் மிஷின் கத்துவதைக் கேட்டுத் திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டார். அதன் பிறகு அந்த வார்டில் யாரும் அந்த நாற்காலியைத் தொடுவதில்லை. உட்காரப் போன அண்ணியின் தம்பியிடமும் நர்சம்மாவே, “ஆள் இருக்குங்க” என்று சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் புகாரைப் பற்றிப் பேசவில்லை.

மேற்படி நாற்காலியையும் துண்டையும் வழக்குச் சொத்தாகக் கைப்பற்ற வேண்டும் என்று ஏட்டையா சொன்னார். ஹாலில் இருந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பதை மட்டும் அண்ணி எழுந்து உட்காரும்வரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாளை வெளியே விடும்படியும், துண்டு இல்லாமல் மூச்சு விட அண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதில் கண்டது முழுவதும் என் வாயால் நான் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது. நான் சொன்னதில் பாதியை ஏட்டையா குறைத்திருக்கிறார், அதுவும் சரிதான். ஆஸ்பத்திரியில் பார்க்கும் நேரம் ஆரம்பித்துவிட்டதால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

(ஒப்பம்)
சேர்க்கடைக்காரர்

எனது முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு நேரில் சென்று பார்வையிட்டேன். துண்டு கைப்பற்றப்படவில்லை.
(ஒப்பம்)
ஏட்டு