மொட்டுக்கு மேல வெட்டு

— அங்க இல்லக்கா, இன்னும் கொஞ்சம் மேல. காஞ்ச பூவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் குண்டு குண்டா மொட்டு நிக்குது பாரு, அதுக்கு மேல வெட்டு.

— இதுவா?

— அதேதான். அதை விட்டு வெச்சாத்தான் திரும்பப் பூக்கும். போன வருஷம் ஒரு ஆளைக் கூப்பிட்டேன், அடியோட மொட்டையடிச்சுட்டுப் போயிட்டார். நானும் பாப்பாவும் வருஷம் பூரா வெறும் இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

— இதுக்குப் பேரு என்ன, ஹைட்ரோ...

— ஹைட்ரேஞ்சியா. எத்தனை தடவை சொல்றது? சரி, உன் வாயில வர்றதைச் சொல்லு, அது கோவிச்சுக்காது. அந்த மேல் கிளையையும் நீயே வெட்டிடு. எனக்குக் கையைத் தூக்க முடியல.

— எந்தக் கை?

— இடது கை. துணிக்கூடையைத் தூக்கினதுல பிடிச்சுக்கிச்சு. ஏன் அப்படிப் பாக்கறே?

— சும்மாதான்.

— என்ன சும்மா? எனக்கு ஸ்கூல் லீவு, உனக்கு என்ன கேடு? ஆபீஸுக்கு மட்டம் போட்டுட்டு, ஒரு போன் கூடப் பண்ணாம வந்து நிக்கிறே. ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினவ இல்ல நீ, இன்னிக்குக் கேக்காமலே கத்தரியை எடுத்துக்கிட்டே. மாமாகூட சண்டையா?

— நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது.

— அப்ப பெரிய சண்டைதான். இரு, டீ போட்டு எடுத்துட்டு வரேன், உக்காந்து அவரை நல்லாத் திட்டுவோம்.

— டீ வேண்டாம். சண்டையும் இல்லடி.

— அக்கா, மொட்டு! மொட்டோட வெட்டிட்டே.

— தெரியாம வெட்டிட்டேன்.

— போகுது விடு, ஒண்ணுதானே. உன் கவனமே இங்க இல்ல. கொடு அதை இங்க. அக்கா... டாக்டர் கூப்பிட்டாங்களா?

— காலைல கூப்பிட்டாங்க.

— ரெண்டு பேரோட ரிசல்ட்டும் வந்திருச்சா?

— வந்திருச்சு.

— அதுல ஏதோ இருக்கு. அதானே?

— ம்.

— எனக்குத் தெரியும்க்கா. அம்மாவுக்கு வந்ததாச்சேன்னு ரெண்டு பேரும் போய் ஸ்கேன் எடுத்த அன்னிக்கே உன் முகத்தைப் பாத்தேன். இளைச்சுப் போய், கண்ணெல்லாம் உள்ள போய்... அப்பவே நெனச்சேன்.

— நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு.

— கேக்கறேன். கேக்காம என்ன? எந்த அளவுக்கு இருக்காம்?

— மார்ல மட்டும் இல்லையாம். ஈரலுக்குப் போயிருச்சாம்.

— ஈரலுக்கா?

— எலும்புலயும் கொஞ்சம் தெரியுதாம்.

— மருந்து இருக்கும்ல? இப்பல்லாம் எவ்வளவோ வந்திருச்சே. அம்மா காலம் மாதிரியா?

— நானும் அதைத்தான் கேட்டேன். குணமாயிருமான்னு நேராவே கேட்டேன். வலி இல்லாம பாத்துக்கலாம்னு சொன்னாங்க. நான் கேட்டது வேற, அவங்க சொன்னது வேற.

— அக்கா.

— அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியல. சரிங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். யாரோ கரெண்ட் பில்லு கட்டச் சொன்ன மாதிரி, சரிங்கன்னு.

— என் தப்புதான். கிளாஸ்ல போன் எடுக்க முடியாதுன்னு ரெண்டு பேருக்கும் உன் நம்பரையே குடுக்கச் சொன்னேன். என் நம்பரைக் குடுத்திருந்தா நான் முதல்ல கேட்டிருப்பேன். உனக்குப் பக்குவமா சொல்லியிருப்பேன்.

— எப்படிச் சொல்லியிருப்பே?

— என்னது?

— பக்குவமான்னா எப்படி? சொல்லேன். எனக்குத் தெரியல.

— என்னமோ... பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு... தெரியலக்கா. இதை எப்படிச் சொன்னாலும் அதேதானே.

— ஆமா. அதேதான். பஸ்ஸுல வரும்போது பூரா யோசிச்சுட்டேன். ஒரு வழியும் இல்ல.

— மாமாகிட்டயும் சொல்லாம நேரா இங்க வந்தியா?

— முதல்ல உனக்குத்தான் தெரியணும்.

— நல்லது செஞ்சே. அம்மா மாதிரி மூடி வைக்கல. கட்டியைப் புடவைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு கடைசி வரைக்கும் சமைச்சுப் போட்டாங்க. அந்த ஒண்ணுமில்லங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

— குட்டி, போதும். நீ பேசிக்கிட்டே இருந்தா என்னால முடியாது.

— நீ பேசவே வேண்டாம். நான் சொல்றேன், தலையை மட்டும் ஆட்டு. இன்னிக்கே இங்க வந்துரு. மாமாவும் வரட்டும். முன் ரூம்ல வெளிச்சம் நல்லா இருக்கும், உன் கட்டிலை அங்க போட்டுடலாம். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன். ஸ்கூல் என்ன ஸ்கூல், எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். முடி கொட்டினா நானும் எடுத்துடறேன், பாப்பா பாத்துச் சிரிக்கட்டும். அக்கா, அழாதேக்கா. நீ அழுதா எனக்குக் கை கால் ஓடாது.

— அழல.

— உன்னை ஒரு ராத்திரி தனியா விடமாட்டேன். அம்மாவை நீ ஒருத்தியாத் தாங்கினே. என்னைப் படிக்க அனுப்பிட்டு நீயே தாங்கினே. இப்ப நான் இருக்கேன்ல?

— பாப்பா எங்க?

— பக்கத்து வீட்டுல விளையாடுது. ஏன்?

— அது வர்றதுக்குள்ள சொல்லிடணும். கத்தரியைக் கீழ வை.

— வெச்சுட்டேன்.

— கிளவுஸையும் கழட்டு. இப்படி வந்து என் பக்கத்துல உக்காரு. கையைக் கொடு.

— உக்காந்தாச்சு. இன்னும் என்ன பாக்கி? சொல்லுக்கா.

— எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கடி.