பிரேக்குக்கு எட்டு மதிப்பெண்

கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் யாரும் காரைப் பற்றிப் பேசுவதில்லை, மேடம். மகனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்ததைச் சொல்வார்கள், ரோட்டைத் திட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய வண்டி இதைவிடச் சின்னது என்பதை ஞாபகமாகச் சொல்வார்கள். முதல் கேள்விக்கு வருவதற்குள் இரண்டாவது காபி வந்துவிடும். ஏழு வருடமாக எனக்கு இதுதான் வேலை. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் 'பெயர்: வரதன், தொழில்: சர்வே' என்று எழுதியிருக்கிறார். நிலம் அளக்கிறவன் என்று கோர்ட்டில் நினைத்துவிடப் போகிறார்கள். விவரமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

கார் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய், வண்டி நம்பகமானதா என்று கேட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் பத்துக்கு எத்தனை என்று டேப்லெட்டில் போட்டு அனுப்ப வேண்டும். பெங்களூரில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் இதற்கு ஆள் வைத்திருக்கிறது. கோலார் தங்க வயலும் பங்காருபேட்டையும் என் பங்கு. நான் சொல்லப்போகும் வண்டி சாரங்கா. ஏழு பேர் உட்காரலாம், நம் ஊரில் ஒன்பது பேர் உட்காருவார்கள்.

என் அப்பாவுக்கு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பாத்திரக்கடை. எதிரிலேயே பெரியப்பாவின் துணிக்கடை. நான் நடக்கப் பழகியது அந்த இரண்டு கடைக்கும் நடுவில். அங்கே முதலில் சொல்லும் எண்ணுக்கு, 'வாங்க, உட்காருங்க' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. குடம் இவ்வளவு என்று அப்பா சொன்னால் வந்தவர் சிரிப்பார். அவர் ஒன்றைச் சொன்னால் அப்பா சிரிப்பார். உண்மையான எண் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரும். முதல் எண்ணையே எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு.

பத்துக்கு இரண்டு என்று சாம்சன் சொன்னபோது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாம்சன் தினமும் விடிகாலை வேலைக்குப் போகிறவர்களை சாரங்காவில் ஏற்றி ஒயிட்ஃபீல்டு வரை கொண்டுபோய் விடுகிற ஆள். போன அக்டோபரில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.

"பிரேக்குக்கு ரெண்டு போட்டுக்கோங்க சார்."

"ரெண்டா? வண்டியே ஓடலைன்னாதான் ரெண்டு. உன் வண்டி ஜம்முனு வாசல்ல நிக்குதே."

"வாசல்ல நிக்குது சார். நிக்கச் சொல்றப்பதான் நிக்க மாட்டேங்குது. மூணு வாட்டி பெடல் அடி வரைக்கும் போயிட்ச்சி. பங்காருபேட்டை ரயில்வே கேட்டாண்ட ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சி இழுத்தேன். உள்ள எட்டு பேரு."

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி பிரேக் போடுவே?"

"அதை யாரு சார் எண்ணிக்கினு கீறாங்க."

"ஆயிரம் வெச்சுக்கோ. வருஷத்துக்கு மூணே மூணு தப்பு. இந்த மார்க்கு எடுத்திருந்தா நீயும் நானும் இன்னேரம் கலெக்டர்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் நான்கு. விற்கும்போது உன் வண்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன், ஆறு. உள்ளேயிருந்து அவர் மனைவி ஷைலஜா குரல் கொடுத்தார்: "ஏழுக்கு மேல போவாதே. அந்த ஆளு பேசிப் பேசியே பத்து வாங்கினு பூடுவாரு." நான் டேப்லெட்டை மூடிக்கொண்டு எழுந்து கேட்டை நோக்கி நாலு அடி நடந்தேன். கடையை விட்டு இறங்குகிற ஆளைத் திரும்பக் கூப்பிடாதவர் இந்த ஊரில் பிறக்கவில்லை.

"சரி வாங்க சார். எட்டு. கோவிச்சிக்காதீங்க."

நான் பொய் எண் எதையும் போட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு என்று சாம்சன் வாயால் சொன்னார், எட்டு என்று போட்டேன்.

கணிப்பு நடந்த மூன்று மாதத்தில் சாரங்காவின் பெடலைப் பற்றி என்னிடம் சொன்னவர்கள் பதினொரு பேர். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: இருபது கிலோமீட்டர் ஓடி வண்டி சூடேறிய பிறகு, இறக்கத்தில், மெத்தென்று. ஓய்வுபெற்ற டீச்சர் வின்னி ஒரு முழுப் பக்கம் எழுதியே கொடுத்தார். நல்ல கையெழுத்து. அதைச் சுருக்கி 'பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது' என்று பதிந்தேன். அவரிடம் மட்டும் ஏழுக்கு மேல் நகர முடியவில்லை.

ஒரு விதி இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வட்டாரத்தில் பத்துப் பேர் ஒரே பாகத்துக்கு நான்குக்குக் கீழே போட்டால் கணினி தானாகச் சிவப்புக் காட்டும். கார் கம்பெனியின் இன்ஜினியர்கள் வந்து வண்டிகளைத் திறந்து பார்ப்பார்கள். பயிற்சியின்போதே சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியும். பதினொரு பேரில் ஒருவர்கூட நான்குக்குக் கீழே இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். கம்பெனி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கொடுக்கவுமில்லை. அவர்கள் மேல் பழியைப் போட்டால் தப்பிக்கலாம் என்று என் வக்கீல் சொல்கிறார். இல்லாததை நான் சொல்வதில்லை.

ஜனவரியில் பட்டியல் வெளிவந்தது. எங்கள் வட்டாரத்தில் நம்பகத்தன்மையில் சாரங்கா முதலிடம். ஷோரூமில் சட்டம் போட்டு மாட்டினார்கள். நான் ஒரு பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிரதி எதற்கு என்று கேட்கிறீர்கள். என்னிடமும் ஒரு சாரங்கா இருந்தது.

என் வண்டிக்கும் அதே பெடல்தான். ஒருமுறை ஆண்டர்சன்பேட்டை இறக்கத்தில் போய்விட்டது. சுவரில் உரசி நின்றோம். என் மனைவி லதா அன்றோடு அதில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். புள்ளிவிவரங்களில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. மெக்கானிக் தங்கவேலு கழற்றிப் பார்த்து, "மாஸ்டர் சிலிண்டர்ல சீல் உப்புதுண்ணா, சூட்டுல. மாத்திடலாம், ஒரு மணி நேர வேலை," என்றான். மாற்றினால் சர்வீஸ் புத்தகத்தில் எழுதவேண்டி வரும். பிரேக்கில் கை வைத்த வண்டி என்றால் வாங்குகிறவர் முகம் மாறும். மாற்ற வேண்டாம், மூடிவிடு என்றேன்.

கணிப்பில் என் வண்டிக்கும் படிவம் வந்தது. விதிப்படி நிரப்பினேன். முதலில் ஒன்று போட்டேன். பிறகு என்னோடு நானே பேசினேன். நான் லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை, ஒரு மாலை முழுக்கப் போயிற்று. ஒன்பதில் முடிந்தது.

என் வண்டியை வாங்க கரோலின் பிப்ரவரியில் வந்தாள். நந்திதுர்க்கில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. அவள் கணவன் ஷெர்வினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் கோலாருக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவனால் உட்காரக்கூட முடியவில்லை. அவள் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை, கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வரதண்ணா, பிரேக்கு நல்லா புடிக்குமா? இவரை வெச்சிக்கினு போவணும். எனக்கு ஓட்டத் தெரியும், ஆனா கைதேர்ந்த ஆளு இல்ல."

"நான் சொன்னா அது வியாபாரம்மா. ஊரு சொல்றதைப் பாரு," என்று பட்டியலை எடுத்து நீட்டினேன்.

விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிரேக், 8.1. என் விலையைச் சொன்னேன். "சரிண்ணா," என்றாள். அவ்வளவுதான். நான் சொன்ன முதல் எண்ணை அப்படியே நம்பியவர் என் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான். நியாயமாகப் பார்த்தால் ஏமாற்றமடைந்தது நான்.

கைமாறிய வண்டிகளுக்கு நாற்பது நாளில் தனிப் படிவம் உண்டு. அவளுடையதற்கு வியாழக்கிழமை கடைசி நாள். நானே கூப்பிட இருந்தேன், காலையில் அவளே கூப்பிட்டாள். பங்காருபேட்டையைத் தாண்டி இருக்கும் பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, பெடல் மெத்துனு கீது. நேத்து வரைக்கும் இப்டி இல்ல. வண்டிய இங்கயே வுட்டுட்டு பஸ்ஸுல போலாம்னு இவரு சொல்றாரு. இன்னா பண்ணட்டும்?"

பின்னாலிருந்து ஷெர்வின் குரல் கேட்டது: "அவரை இன்னா கேக்குறே? வித்தவரு வேற இன்னா சொல்வாரு?" ஷெர்வின் உங்களிடம் எழுதிக்கொடுத்தது சரிதான். ஸ்பீக்கரில்தான் பேசினோம். பின் சீட்டில் படுத்திருந்ததால் அவன் பிழைத்தான்.

அந்த பங்க்கிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு இறக்கம். அவள் வீட்டிலிருந்து பங்க் பதினைந்து. இருபதைத் தாண்டும் இடம் எது என்று எனக்குத் தெரியும், மேடம். மனக்கணக்கில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன். போகாதே என்று சொல்லியிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பாள். அதற்கு பதில் சொன்னால் சாம்சனின் எட்டு, வின்னி டீச்சரின் ஏழு, என் ஒன்பது எல்லாம் அவிழும்.

"புது வண்டி, புதுக் கால். ரெண்டும் பழகணும்மா. பயப்படாம போ," என்றேன். மற்ற பாகங்களுக்கு முந்தின வாரமே எண் வாங்கியிருந்தேன், கையோடு படிவத்தையும் முடித்துவிடலாம் என்று தோன்றியது. "சர்வேக்கு இன்னிக்குக் கடைசி நாள். பிரேக்குக்கு எவ்ளோ போடலாம்?"

"நாலு போட்டா தப்பாண்ணா?"

நான் எதுவும் சொல்லவில்லை. கடையில் அப்பா அப்படித்தான் செய்வார். சும்மா இருப்பார், எதிரில் இருப்பவர் தானாக நகர்ந்து வருவார்.

"நீங்க சங்கடப்படாதீங்கண்ணா. உங்க மேல இருக்குற நம்பிக்கைலதான வாங்குனேன். எட்டே போட்டுக்கோங்க. இவரை ஒம்பதரைக்குள்ள பெட்ல சேக்கணும், போய்ட்டு வரேன்."

அவள் பங்க்கை விட்டுக் கிளம்பியபோது மணி எட்டு ஐம்பது. இறக்கத்தின் முடிவில் செங்கல் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவளுக்கு மண் போட்டுவிட்டு வந்தேன். குளித்துவிட்டு உட்கார்ந்து அவளுடைய படிவத்தை எடுத்தேன். ஒரு கேள்வி பாக்கி இருந்தது: தெரிந்தவர்களுக்கு இந்த வண்டியைச் சிபாரிசு செய்வீர்களா. அதைக் கேட்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். காலியாக விட்டால் படிவம் ஏறாது. 'ஆம்' என்று போட்டு அனுப்பினேன். மற்றபடி அவள் சொன்ன எண்களில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை, ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. என் படிவங்கள் அத்தனையும் பொய் என்றுதான் எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். அவளுடைய படிவம் ஒன்றை மட்டும் தனியாக, நேர்மையாக வாங்கியது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், மேடம்.