ட்ராய்கோ காட்டிய கை

— இறங்கு ராட்கா. சாவியைக் குடு. இனிமே நீ இந்த ஹெலிகாப்டர்ல ஏறக் கூடாது.

— கொஞ்சம் இருங்க ட்ராய்கோ அண்ணே. பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்குறேன்.

— தரையைத் தொட்டதும் வண்டி கிடுகிடுன்னு ஆடுது. எஞ்சினை நிறுத்துன்னு கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டி வெட்டிக் காட்டுறேன். நீ என்னடான்னா தூக்கிட்டுப் பறக்குறே.

— அதான் அண்ணே முறை. வண்டியோட ஒரு கால் முந்தித் தரையில பட்டுடுச்சு. மேல சுத்துற றெக்கை ஒரு பக்கமா ஒதுங்கி வண்டி உடம்பை ஆட்டுது, உடம்பு திருப்பி றெக்கையை ஆட்டுது. தரையில இருக்கிற வரைக்கும் ஆட்டம் ஏறிக்கிட்டேதான் போகும். தரையை விட்டா அடங்கிடும், அப்புறம் மெதுவா இறக்கிக்கலாம்.

— எனக்கே பாடமா? இந்தத் திராட்சைக்கு மருந்தடிக்க வந்த அத்தனை பேருக்கும் நான்தான் கை காட்டினேன். போன வருஷம் ஓட்டின எமிலுக்கும் இப்படித்தான் ஆடுச்சு. என் கையைப் பார்த்தான், நிறுத்தினான். ஒண்ணும் ஆகலை.

— அவன் அப்பத்தான் கிளப்பினான் அண்ணே. றெக்கை மெதுவா சுத்துறப்ப தூக்க முடியாது, நிறுத்தத்தான் வேணும். எனக்கு முழு வேகம். நிறுத்தியிருந்தா வேகம் அடங்குறதுக்குள்ள வண்டி புரண்டு, றெக்கை துண்டு துண்டா சிதறியிருக்கும்.

— சிதறினா என் மேலதானே விழும்? அதை நான் பார்த்துக்குறேன். என் கையைப் பார்த்தியா, இல்லையா?

— பார்த்தேன்.

— பார்த்துட்டும் கேக்கலை. கீழ நிக்கிறவன் கை காட்டினா மேல இருக்கிறவங்க கேக்கணும். இங்க அதான் சட்டம். இப்பவே முதலாளிக்குப் போன் போடுறேன். இந்த சீசன் உனக்கு முடிஞ்சுது.

— போடுங்க. ஆனா ஒண்ணு. முறையெல்லாம் இப்ப வாயில வருது. அந்த நேரத்துல மண்டையில ஒண்ணுமே இல்லை. நீங்க கையை வெட்டினதும் என் கையும் நிறுத்தத்தான் போச்சு.

— அப்புறம் ஏன் தூக்கினே?

— உங்க முதுகுக்குப் பின்னாடி, துத்த மருந்து கலக்குற லாரிகிட்ட ஆளைப் பார்த்தேன்.

— லாரிகிட்ட யாரும் இல்லை. டிரைவரே சாப்பிடப் போயிட்டான்.

— ஸ்டோயன்கா அக்கா.

— என் பொண்டாட்டியா? அவ வீட்டுல பனிட்சா பலகாரம் சுட்டுக்கிட்டு இருக்கா. நான் போய்த்தான் சாப்பிடணும்.

— சுட்டு முடிச்சுக் கொண்டாந்துட்டாங்க அண்ணே. லாரிச் சக்கரத்துல சாய்ஞ்சு உக்காந்திருக்காங்க, வண்டி ஆடினதைப் பார்த்த பயத்துல எந்திரிக்க முடியலை போல. போனை வெச்சுட்டுத் திரும்பிப் பாருங்க.